ஆண்டு விழாவுக்குப் போய்த் திரும்புவது எப்படி: ஒரு ஷீல்டு கடைக்காரன் சொல்வது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு ஷீல்டு கடை. கப், மெடல், மொமென்டோ, பெயர்ப் பலகை, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் செய்கிறோம். பூக்கடைக்குத் தை மாத முகூர்த்தம் மாதிரி எங்களுக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை ஆண்டு விழா சீசன். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, இந்தப் பக்கம் பாகூர் வரைக்கும் பள்ளிக்கூடங்களிலிருந்து லிஸ்ட் வரும். ராத்திரி பதினொரு மணிக்குக்கூட ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பெயர் அடித்துக்கொண்டிருப்போம்.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். பெரியவள் எல்.கே.ஜி.யிலிருந்தே மேடை ஏறியவள். சின்னவன் பத்தாவது முடிக்கும்வரை ஒருமுறைகூட ஏறவில்லை. அவன் படித்த பள்ளிக்கும் கப் செய்து கொடுத்தது நான்தான். வருஷா வருஷம் அவன் வகுப்புப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் என் கையால் அடித்திருக்கிறேன். அவன் பெயரை ஒரே ஒரு தடவை அடித்தேன். அது ஒரு கூத்து, பிறகு சொல்கிறேன்.

கப்பை விற்பவனாகவும், பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் வயிறு எரிய உட்கார்ந்திருந்தவனாகவும் இருந்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். இந்த வருஷம் முதல் தடவையாக ஆண்டு விழாவுக்குப் போகப்போகிறவர்களுக்கு உதவும்.

லிஸ்ட் எப்படி உருவாகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வகுப்புக்கு மூன்று பரிசு என்று ஏன் வைக்கிறார்கள், யோசித்ததுண்டா? திறமையானவர்கள் மூன்று பேர்தான் என்று யாரும் எண்ணிப் பார்த்து முடிவு செய்ததில்லை. கப் எங்களுக்கு வருவதே பெரியது, நடு, சின்னது என்று மூன்று மூன்றாகத்தான். செட் கணக்கில் வாங்கினால் விலை குறையும். அதனால் நாலாவதாக வந்த பிள்ளைக்கு இடமில்லை. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் அரை மார்க் வித்தியாசமாக இருக்கலாம், கடையில் அதற்கு நாலாவது சைஸ் கிடையாது.

அப்புறம் பட்ஜெட். “போன வருஷம் மாதிரியே முடிச்சிடுங்கண்ணா, ஆனா பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது” என்று ஆபீஸ் ரூமிலிருந்து போன் வரும். தாண்டினால் எதைக் குறைப்பார்கள்? கணக்கு, அறிவியல் கப்பைக் குறைக்க மாட்டார்கள். ஓவியம், கையெழுத்து, தோட்ட வேலை, இப்படித்தான் அடிபடும். ஒரு வருஷம் ஒரு பள்ளியில் “நல்ல நண்பன்” என்ற பரிசையே அடித்துவிட்டார்கள். அந்த லிஸ்டைப் பார்த்தேன். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குக் கீழே எந்தப் பிள்ளை இருந்ததோ.

ஆகவே அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் வாங்கப் போகும்போதே, வகுப்பு ஆசிரியரிடம் மெதுவாக இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள். “இந்த வருஷம் எதுக்கெல்லாம் பரிசு சார்? எதை வைச்சு முடிவு பண்றீங்க?” மார்க்கா, எந்தத் தேர்வின் மார்க், வருகையா, ஆசிரியர் சிபாரிசா என்று தெரிந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். விழா அன்றைக்குக் கேட்காதீர்கள். அன்று எந்த ஆசிரியருக்கும் காது கேட்காது. இரண்டாம் வகுப்பு டான்ஸ் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பாவாடை நாடா அறுந்திருக்கும், அந்தக் கவலையில் இருப்பார்கள்.

பெயர்ப் பட்டியல் என் கடைக்கு விழாவுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வந்துவிடும். கடைசி ராத்திரி இரண்டு பெயர் சேரும், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள். பரிசு உண்டென்றால் பெரும்பாலும் பள்ளியிலிருந்து முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சொல்லவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை முதல் நாள் சாயங்காலமே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது. “நாளைக்கு உன் பேர் வராது போலிருக்கு. நாம போயிட்டு வரலாம், உன் ஃபிரெண்டு ஆடுறதைப் பார்க்கணும்.” இவ்வளவு போதும். நாங்கள் ஆரம்பத்தில் “யாருக்குத் தெரியும், கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க” என்று சொல்லிக் கூட்டிப்போவோம். மைக்கில் ஒவ்வொரு பெயராக வரும்போது சின்னவன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். அவன் வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புப் பெயர்கள் ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்த “யாருக்குத் தெரியும்” என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நாங்கள் சொல்லவே இல்லை.

அன்றைக்கு

தண்ணீர் பாட்டில், முறுக்கு, ஒரு துண்டு. அழைப்பிதழில் நாலரை மணி என்றிருந்தால் சிறப்பு விருந்தினர் வர ஐந்தரை. குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், ஆண்டறிக்கை, சிறப்புரை எல்லாம் முடிந்து பரிசு ஆரம்பிக்கும்போது சின்னப் பிள்ளைகள் பாதி தூங்கியிருக்கும்.

உங்கள் பிள்ளை பின் வரிசையில் ஆடினால் மேடையின் ஓரத்துப் பக்கமாக இடம் பிடியுங்கள். நடுவில் உட்கார்ந்தால் முன் வரிசைப் பிள்ளையின் கிரீடம்தான் தெரியும். வீடியோ ஒரு நிமிஷம் எடுங்கள், அப்புறம் போனை உள்ளே வையுங்கள். அந்த ஒரு நிமிஷத்தையே யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

கைதட்டுவதில் ஒரு சின்ன வழி உண்டு. போவதற்கு முன்னால் உங்கள் பிள்ளையோடு பழகும் இரண்டு பேரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் மேடை ஏறும்போது சத்தமாகத் தட்டுங்கள். மற்றவர்களுக்கு உங்கள் கை தானாக எவ்வளவு தட்டுமோ அவ்வளவு தட்டட்டும். பொறாமை வரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், வரும். எனக்கு என்னிடம் கப் வாங்கின பள்ளியின் மீதே கோபம் வந்திருக்கிறது. பில் பாக்கி இருந்தது வேறு.

பரிசு வாங்குகிற வீட்டுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் வேகமாகக் கொடுக்கும்போது கப்கள் மாறிவிடும், இது ரொம்ப சகஜம். கையில் வாங்கியதும் பிளேட்டில் யார் பெயர் என்று பாருங்கள். மேடைக்குப் பின்புறம் ஒரு ஆசிரியை லிஸ்ட் வைத்துக்கொண்டு நிற்பார், அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய்விட்டால் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். சுழற்கோப்பை என்றால் ஃபோட்டோ எடுத்ததும் திரும்ப வாங்கிவிடுவார்கள் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஒரு பையன் கொடுக்க மாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன்.

பாலம் தாண்டும்வரை பேசக் கூடாது

பிள்ளைகளின் பள்ளி மஞ்சக்குப்பம் பக்கம். எங்கள் வீட்டுக்கு வர கெடிலம் ஆற்றைத் தாண்ட வேண்டும். ஒரு வருஷம் பள்ளி வாசலிலேயே, வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போதே, “உன் வயசுப் பசங்கதானேடா அவங்களும்?” என்று கேட்டுவிட்டேன். வழியெல்லாம் அவன் என் சட்டையைப் பிடிக்காமல் வண்டியின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: “இனிமே கெடிலம் பாலம் தாண்டுற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். பரிசு வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, பாலத்தின் அந்தக் கரை வரும்வரை விழாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பாலத்தில் காற்று அடிக்கும், பிள்ளைக்குப் பசி தெரிய ஆரம்பிக்கும். உங்கள் ஊரில் பாலம் இல்லையென்றால் ரயில்வே கேட், பெட்ரோல் பங்க், எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு டிராஃபிக் சிக்னலுக்குப் பஞ்சமே இல்லை.

தாண்டிய பிறகு முதல் கேள்வியைப் பிள்ளை கேட்கட்டும். கேட்கவில்லை என்றால் “என்ன சாப்பிடலாம்?” என்று கேளுங்கள். புரோட்டா வந்து வைத்த பிறகு, “இன்னைக்கு யாரு நல்லா பண்ணாங்க?” சின்னவன் ஒருமுறை இதற்குப் பதிலாக, மைக் செட் அண்ணன் எப்படி ஒரே ஆளாக ஆறு பெட்டிகளை ஏற்றி இறக்கினார் என்று கால் மணி நேரம் சொன்னான். மேடையில் நடந்ததை அவன் பார்த்தானா என்றே எனக்குச் சந்தேகம். ஆனால் அந்தக் கால் மணி நேரம் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

பரிசு வாங்கிய பிள்ளையிடமும் இதே அளவுதான். “எனக்குத் தெரியும், நீ புத்திசாலி” என்பதைவிட “அந்த வாய்ப்பாட்டை ராத்திரி எத்தனை தடவை சொல்லிப் பார்த்தே, ஞாபகம் இருக்கா?” என்பது நல்லது. பெரியவள் இப்போது பி.எட். படிக்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்கு ஒரு ஆராய்ச்சி தெரியும். 1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று பேர், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்தது. ஒரு கூட்டத்திடம் “வரைஞ்சா ரிப்பன் வைச்ச சான்றிதழ் தருவோம்” என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசு உண்டு என்று கேட்டு வரைந்த குழந்தைகள், ஒன்றும் வாங்காத குழந்தைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் படம் வரையும் பேனாக்களைத் தொட்டார்கள். சொல்லாமல் வாங்கியவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. “அப்பா, உங்க தொழிலுக்கு எதிரா ஒரு ஆராய்ச்சி இருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கப்பைக் கடைசியில் காட்டினால் தப்பில்லை, முதலிலேயே காட்டி இழுத்தால்தான் வம்பு என்று நான் புரிந்துகொண்டேன். “ஃபர்ஸ்ட் வந்தா சைக்கிள்” என்று சொல்லிப் பழகியவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டாம் பரிசு வாங்கிய பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் திட்டாதீர்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீடியோக்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிட அதிக சந்தோஷமாகத் தெரிந்தார்களாம். வெண்கலம் வாங்கியவன் தனக்குக் கீழே பார்க்கிறான், வெள்ளி வாங்கியவன் மேலே பார்க்கிறான். ஒலிம்பிக் வீரனுக்கே அப்படி என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் என்ன எதிர்பார்ப்பது?

வருகைப் பரிசு

இதற்கு மட்டும் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். கோபம் என்மேல்தான்.

பெரியவள் ஐந்தாம் வகுப்பு. நவம்பர், அடைமழை, வீட்டில் துணி காயாத நாட்கள். அதுவரை ஒருநாள்கூட லீவு போடவில்லை, நூறு சதவீத வருகைக்கு மெடல் உண்டு. காலையில் நெற்றி கொதித்தது. “லீவு போடட்டுமா?” என்று கேட்டேன். “வேணாம்பா, மெடல் போயிடும்” என்றாள். அரை மாத்திரை கொடுத்து, ரெயின் கோட் போட்டு, நானே கொண்டுபோய் விட்டேன். பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். போய்ப் பார்த்தால் ஆபீஸுக்குப் பக்கத்து அறையில் பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாள், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது: “அட்டென்டன்ஸ் எடுத்துட்டாங்கப்பா, அப்ப கணக்குல வரும்ல?”

அந்த மெடலின் ஸ்டிக்கரை பிப்ரவரியில் நானே ஒட்டினேன். உருண்டையான ஸ்டிக்கர், நடுவில் “100%”. அவளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்த எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் போயிற்றோ.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து இதையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாதம் முழுக்க வந்தால் விருது என்று முன்கூட்டிச் சொன்னதால் வருகை கூடவில்லை. முன்பு ஒழுங்காக வந்ததற்காகத் திடீரென விருது கொடுத்தவர்களோ, அதற்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாகவே லீவு போட்டார்களாம். மற்றவர்களைவிட நாம் அதிகமாகவே வந்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சரி, அது எப்படியோ போகட்டும். காய்ச்சல் என்றால் லீவு. மெடல் வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், இருபது ரூபாய்தான்.

வீட்டில் பரிசு தயாரிக்காதீர்கள்

மேலே சொன்ன கூத்து இதுதான். சின்னவன் ஏழாவது. அவன் பள்ளி ஆர்டரில் பிழை ஏதும் வந்தால் மாற்றலாம் என்று எப்போதும் ஒரு கப் கூடுதலாக வைப்பேன். அந்த வருஷம் பிழை வரவில்லை, கப் மிச்சம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்கு என்ன தோன்றியதோ, பிளேட்டில் அவன் பெயரை அடித்து, கீழே “கடையில் சிறந்த உதவியாளர்” என்று போட்டு, மறுநாள் காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கையில் எடுத்தான். திருப்பி அடியைப் பார்த்தான். அடியில் நாங்கள் ஒட்டும் விலைச் சீட்டு அப்படியே இருந்தது.

“இது நம்ம கடைக் கப்புதானேப்பா?” என்றான். குரலில் கோபம்கூட இல்லை. இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

கப் செய்கிறவன் பிள்ளைக்குக் கப் என்ன விலை என்று தெரியும். உங்கள் பிள்ளைக்கும் தெரியும், விலைச் சீட்டு தேவையில்லை. எல்லாருக்கும் ஒரே மெடலைக் கொடுத்துவிடலாம் என்று சில பள்ளிகள் நூறு, இருநூறு என்று ஆர்டர் செய்கின்றன. எனக்கு நல்ல வியாபாரம்தான். அடுத்த வாரமே அந்த மெடல்கள் ஸ்கூட்டர் கண்ணாடியில் தொங்கும், நாய்க்குட்டி கழுத்தில்கூடப் பார்த்திருக்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளி மட்டும் வேறு மாதிரி கேட்டது. சான்றிதழில் பெயருக்குக் கீழே மூன்று வரி காலியாக விட்டு அச்சடித்துத் தாருங்கள், ஆசிரியர் கையால் எழுதுவார் என்றார்கள். எழுதி முடித்த ஒன்றை மாதிரிக்குக் காட்டினார்கள்: “மழை நாளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடை பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றான்.” அந்த வருஷம் அந்தப் பள்ளியில் எனக்குக் கப் வியாபாரம் போயிற்று. உங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் ஏதாவது கேட்கத் தோன்றினால், இன்னும் நாலு கப் கேட்காதீர்கள், இந்த மூன்று வரியைக் கேளுங்கள். தனியாக, விழா முடிந்து ஒரு வாரம் கழித்து, யார் பிள்ளை பெயரையும் இழுக்காமல்.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பொதுத்தேர்வில் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. சிபிஎஸ்இயும் இப்போது மெரிட் பட்டியல் போடுவதில்லை. மே மாதம் பள்ளி வாசல்களில் ஃப்ளெக்ஸ் மட்டும் குறையவே இல்லை. இதை நாலு பேர் எடுத்துச் சொன்னால் பள்ளி நிர்வாகம் கேட்கும், கேட்காமலும் போகும்.

அதற்காக எல்லாம் வெறும் பிளாஸ்டிக் என்றும் சொல்லிவிட முடியாது

போன வருஷம் முதுநகரிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் கட்டுரைப் போட்டியில் மூன்றாம் பரிசு. சின்ன சைஸ் கப், நான் செய்ததுதான். “இனிஷியலை மாத்தணும்ணா” என்றார். லிஸ்டை எடுத்துப் பார்த்தேன், பள்ளி கொடுத்தபடிதான் அடித்திருந்தேன். “லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கும். அவரு போய் ஆறு வருஷம் ஆச்சு, வேற குடும்பம். கட்டுரை எழுதும்போது பொண்ணு என் எழுத்தைத்தான் போட்டிருக்கா. அதையே போட்டுக் கொடுங்க.”

பிளேட்டைப் பெயர்த்துப் புதிது வெட்டி ஒட்டப் பத்து நிமிஷம். அவர் உட்காரவில்லை, மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். லேசர் அந்த ஓர் எழுத்தை எழுதும்போது புகை வரும், முகத்தைத் தள்ளி வைக்கச் சொன்னேன், நகரவில்லை. காசு வாங்கவில்லை நான்; அவர் வற்புறுத்தி முப்பது ரூபாய் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிழை இருந்தால் கேளுங்கள். எழுத்து, இனிஷியல், மார்க் கூட்டல், எதுவானாலும் கேட்பது கௌரவக் குறைவு இல்லை. பள்ளியில் “அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றால் நேராகக் கப் வாங்கிய கடைக்குப் போங்கள். அடிப்பீடத்தில் கடை பெயர் இருக்கும்.

உறவினர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்வதும் அவசியம். பொங்கலுக்கு வரும் பெரியப்பா “அக்கா இத்தனை வாங்கியிருக்கா, நீ என்னடா வாங்கினே?” என்று ஷோகேஸைக் காட்டிக் கேட்பார். பிள்ளை பதில் சொல்லும் முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். நாங்கள் “அவன் வாங்குறதில்லை பெரியப்பா, விக்கிறான்” என்போம். ஷோகேஸையும் பிறகு கூடத்திலிருந்து பெரியவள் அறைக்கு மாற்றிவிட்டோம். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் போடுவதானால் பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது, பெரியவளுக்குப் பிடிக்காது.

பழைய கப்களை என்ன செய்வது

பத்து வருஷத்தில் பரண் நிறைந்துவிடும். தூக்கிப் போட மனம் வராது. பிளேட்டை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள். ஹேர் டிரையர் சூடு காட்டினால் பசை இளகி வந்துவிடும், ஆணி அடித்தது என்றால் மெல்லிய திருப்புளி போதும். பிளேட்டுகளை ஒரு நோட்டில் ஒட்டி வைத்தால் ஒரு பரண் இடம் ஒரு நோட்டில் அடங்கும். கப்பைக் கடையில் கொடுத்தால், தேவனாம்பட்டினம் பசங்க மாதிரி கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்துகிறவர்களுக்குப் புதுப் பிளேட் போட்டு மலிவாகத் தருவோம். கப்பின் அடிப்பீடத்துக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட்தான், துரு ஏறியிருந்தால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள்.

சின்னவன் இப்போது பிளஸ் டூ. சீசனில் லேசர் மெஷின் அவன் பொறுப்பு. அந்தச் “சிறந்த உதவியாளர்” கப்பின் பிளேட்டை எப்போதோ அவனே கழற்றிவிட்டான். கப் கடை மேசையில்தான் இருக்கிறது, போல்ட், நட்டு போட்டு வைத்திருக்கிறான். விலைச் சீட்டு இன்னும் அடியில் ஒட்டியபடி.